நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்

சலூன்காரர் வாயில "இல்லை"ங்கிற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. சேர்ல உட்கார்ந்தவர் வெயில் தாங்கலைன்னா "ஆமா சார்" என்பார். அடுத்து வர்றவர் இந்த வருஷம் வெயிலே இல்லைன்னா, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்பார். ஒருத்தர் கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு அவரோடயே வாக்குவாதம் பண்ணலாமா, நியாயம்தானே!

அதனாலதான் அவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சது வெளியில யாருக்கும் தெரியலை. அவர் சம்சாரம் சலூன்காரம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சது. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஆசை ஆசையா வளர்த்த மீசையில பாதியை வழிச்சுட்டு, முகத்தைத் துடைச்சு, "ஆச்சு சார்"னு அனுப்பி வச்சார். இன்னொரு நாள் தன் கடை வாசல்லயே நின்னுக்கிட்டு முதலாளி இருக்காரான்னு கேட்டார். அன்னிக்கே அந்தம்மா கடையைச் சாத்திட்டாங்க. இது மறதி நோய், போனது போனதுதான், இனி இறங்குமுகம்தான்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டார்.

வைத்தியச் செலவுக்கு அவர் கணக்குல இருக்கற பணத்தை பேங்குல போய்க் கேட்டா, அவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னாங்க. செத்திருந்தா வாரிசுன்னு ஒரு வழி உண்டாம், உயிரோட இருக்கறதால வழி இல்லையாம். பொண்டாட்டிகிட்ட சொல்ற பேச்சா அது?

இதுக்கு நடுவுல கொழுந்தன் முளைச்சான். பல வருஷமா வாசப்படி மிதிக்காதவன், பழம் வாங்கிக்கிட்டு வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். முக்குல இருக்கற அந்தக் கடையும் பின்னாடி குடியிருக்கற ரெண்டு ரூமும் அண்ணன் பேர்ல இருந்துச்சு. கடையை என் பேருக்கு மாத்திட்டா எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்னு அவன் ஆரம்பிக்க, பக்கத்துல இருந்த சலூன்காரர் கூடப்பிறந்த தம்பியைப் பார்த்து, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்"னார். அந்தம்மாவுக்கு அப்பத்தான் விஷயம் புரிஞ்சது. எந்தப் பேப்பரை நீட்டினாலும் இந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுருவாரே, அப்புறம் ரெண்டு பேரும் தெருவுலதானே நிக்கணும்.

ஓடிப்போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தாங்க. புருஷனுக்குச் சுயபுத்தி இல்லைன்னு கோர்ட் ஒத்துக்கிட்டா உங்களையே காப்பாளரா போடும், அதுக்கப்புறம் அவர் மட்டும் போடற கையெழுத்து செல்லாதுன்னு அவங்க விளக்கினாங்க. ஜட்ஜ் அவரை நேர்ல பார்த்துப் பேசுவாராம். கடைசியா ஒண்ணை அழுத்திச் சொன்னாங்க.

"வீட்டுல எப்படி இருக்காரோ அப்படியே கூட்டிட்டு வாங்கம்மா. சிங்காரிச்சுக் கூட்டிட்டு வராதீங்க."

அந்தம்மாவும் தலையாட்டினாங்க. ஆனா கோர்ட்டுக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில புதரா மண்டின தாடியும், பட்டன் மாறிப் போட்ட சட்டையுமா அவரை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தவங்களுக்கு அதுக்கு மேல கால் நகரலை. என் கடைக்கு என் மூஞ்சிதான்டி போர்டுன்னு சொல்லிச் சொல்லி வாழ்ந்த மனுஷன். காய்ச்சல்ல கிடந்தப்பகூட சவரம் பண்ணாம தெருவுல இறங்கினதில்லை. அவரை இந்தக் கோலத்துல நாலு பேர் பார்க்கறதா? மனசு கேட்கலை. திருப்பிக் கூட்டிட்டுப் போய் அவரோட சேர்லயே உட்கார வச்சு, நுரை போட்டு, அவங்களே வழிச்சு விட்டாங்க. அவரும் தாடையை இப்படியும் அப்படியும் அழகா திருப்பிக் கொடுத்தார். தலை வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டப்ப கண்ணாடியில பழைய புருஷனே உட்கார்ந்திருந்தார். அந்தம்மாவுக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு, பாவம்.

கோர்ட்ல அவரைப் பார்த்ததும் வக்கீலம்மா தலையில கை வச்சுக்கிட்டாங்க. ஜட்ஜ் அவரைக் கிட்ட கூப்பிட்டு உட்கார வச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேட்டார். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சார்னு பதில் வந்துச்சு. இவங்க உங்க மனைவிதானேன்னு கேட்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

கோர்ட்டே சிரிச்சது, ஜட்ஜும் சிரிச்சார். தம்பி மேல நம்பிக்கை இருக்கான்னு கேட்டதுக்கு, நம்பிக்கை இல்லாம தொழில் பண்ண முடியுமா சார்னு திருப்பிக் கேட்டார். அதோட விட்டாரா? ஜட்ஜோட தலையை உத்துப் பார்த்துட்டு, "காதுக்கு மேல கொஞ்சம் கூடுதலா நிக்குது. ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும் சார், முன்னாடியே வந்துருங்க"ன்னார்.

சலூன்காரம்மா எழுந்து நின்னு, "ஐயா, கடையில இருக்கறதா நெனச்சுப் பேசறாருங்க. இது கோர்ட்டுன்னே அவருக்குத் தெரியாது"ன்னாங்க.

யார் கேட்டாங்க? தெளிவா பேசற மனுஷனைப் பைத்தியமாக்கி சொத்தை அமுக்கப் பார்க்கறாங்கன்னு மனுவை எதிர்த்து வந்திருந்த கொழுந்தனோட வக்கீல் பாய்ஞ்சார். டாக்டர் எழுதினதை ஜட்ஜ் ஓரமா வச்சுட்டு, வயசானா மறதி எல்லாருக்கும் வரும், எனக்கே உண்டுன்னார். இவர் சுயபுத்தியோட இருக்கார்னு எழுதி மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டார். அப்பீல் போகலாம், ஆனா முடிய வருஷக்கணக்காகும்னு வக்கீலம்மா மென்னு முழுங்கினாங்க.

சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான். நேத்து வரைக்கும் கொழுந்தன் கையெழுத்து வாங்கியிருந்தா, அவர் சுயநினைவுல போடலைன்னு சண்டை போட்டிருக்கலாம். இப்ப அவருக்குப் புத்தி நல்லா இருக்குன்னு அந்தம்மாவே போய் முத்திரை வாங்கிக் கொடுத்துட்டாங்க.

அடுத்த மாசம் அவங்க மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கொழுந்தன் அண்ணனைப் பத்திரப்பதிவு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கூட்டிட்டும் வந்தான். சலூன்காரர் முகம் பளபளன்னு இருந்துச்சு. வேற ஒரு கடையில சவரம் பண்ணிவிட்டுத்தான் கூட்டிட்டுப் போயிருக்கான். அந்த வித்தையை அண்ணிகிட்டதான் கத்துக்கிட்டான், படுபாவி.

"அண்ணன் இஷ்டப்பட்டுதான் கடையையும் வீட்டையும் எனக்கு எழுதிக் கொடுத்தார், அண்ணி. அவருக்குப் புத்தி இருக்குன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே."

அந்தம்மா புருஷன் பக்கம் திரும்பி, "ஏங்க, இஷ்டப்பட்டா கையெழுத்துப் போட்டீங்க?"ன்னாங்க.

அவர் அவங்களைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். ரெண்டு கஸ்டமர் ஒரே நேரத்துல வந்துட்டாங்கன்னு நெனச்சாரோ என்னவோ, பணிவா சிரிச்சார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

வீட்டைக் காலி பண்ணின அன்னிக்கு அவரோட சட்டை, மருந்து, சீப்பு எல்லாத்தையும் அந்தம்மா பெட்டியில எடுத்து வச்சுக்கிட்டாங்க. சவரக்கத்தியை மட்டும் கண்ணாடிக்கு முன்னாடியே விட்டுட்டுப் போயிட்டாங்க.