கலர் திரையும் நான்கு செல்லும்

பெரியம்மா பையன் மீது நான் பொறாமைப்பட அவன் எதுவும் செய்ய வேண்டியதே இல்லை. விஜயநகரில் சொந்த வீடு, கேட்டதை வாங்கித் தரும் அப்பா. கோடை விடுமுறைக்கு என்னோடு அங்கே வரும் சித்தி பிள்ளைகள் எல்லாரும் அவனைச் சுற்றித்தான் உட்காருவார்கள். ஒரு நாளாவது அவர்கள் என்னைச் சுற்றி உட்கார வேண்டும், அவன் எட்டிப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

சிங்கப்பூர் போகவிருந்த மாமா, கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் வாங்கி வருவதாக எங்கள் இருவரிடமும் சொன்னார். அதில் இரண்டு வகை. ஒன்றில் கலர் திரை, உள்ளேயே விளக்கு. ஆனால் ஆறு பென்சில் செல் போட்டாலும் ஒரு பகல் தாங்காது. மற்றதில் பாசி நிறத் திரை, விளக்கு கிடையாது. நான்கே செல்லில் நாள்கணக்கில் ஓடும். அவன் யோசிக்காமல் கலர் என்றான். ரயில்வேயில் இருந்த என் அப்பா, "செல்லு நிக்கணும்டா. அழகை வெச்சுண்டு என்ன பண்றது?" என்றார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

மாமா வாங்கி வந்த ஒரே நாளில் அந்தக் கெட்டிக்காரத்தனம் வெளுத்துப்போனது. அவன் திரையில் நீலமும் சிவப்பும் பறக்க, என்னுடையதை யாரும் சீந்தவில்லை. செல் வாங்கி அலுத்துப்போன பெரியம்மா, அடாப்டரைக் கொடுத்து அவனைப் பிளக் பக்கத்திலேயே உட்கார வைத்தபோதுதான் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு மழை மாலையில் போனது. நான் நிதானமாக என்னுடையதை எடுத்து ஆன் செய்தேன்.

"என்னோடது ஓடுது, வாங்க!"

வந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டிங் டிங் என்று சத்தம் கேட்டது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடித்தால் அதன் சுடர்தான் தெரிந்தது.

"ஏனூ காணல்லண்ணா," என்று ஒன்றும் தெரியாததைக் கன்னடத்தில் சொன்னாள் சித்தியின் சின்னப் பெண்.

"உன் செல்லைக் கொடு கணோ," என்றான் பெரியம்மா பையன்; கன்னடப் பழக்கத்தில் அவனுக்கு 'டா' எல்லாம் 'கணோ'தான். "என்னோடதுல போட்டா எல்லாரும் பாக்கலாம்."

நான் மறுக்க வாயெடுப்பதற்குள் பெரியம்மா, "கொடுடா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பாவம், குழந்தைங்க," என்றாள்.

டி.வி. ரிமோட்டிலிருந்து இரண்டு, என்னிடமிருந்து நான்கு. அவன் திரை பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் அவன் பக்கம் நகர்ந்தார்கள். எனக்கு அவர்கள் பின்னந்தலைகள்தான் தெரிந்தன. என் செல், என் செல் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் வந்தது. அவன் பிளக்குக்குப் போய், செல்களைத் திருப்பித் தந்தான். அவசரமாகப் போட்டு, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். உயிரே வரவில்லை.

"செத்துப்போச்சுடா!" என்றேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "புதுசு வாங்கிக்கோ கணோ," என்றான்.