மேகத்துக்குள் ஒரு கல்யாண வீடு

தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள். கனகாலம் அவளைச் சீனாக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, தான் மியாவ் இனத்தவள் என்றும், ஊர் தென்சீனாவின் குய்ஜோ மலைகளில் இருக்கிறதென்றும், சீனமொழி தனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி என்றும் சொன்னாள். கூடத்திலுள்ள தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். மற்றதெல்லாம் எங்களுக்குள் ஆங்கிலம்தான்.

அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் சரிவந்தது. "அக்கா, நீங்களும் என்னோட வாங்கோ," என்றாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தாய் இறந்தபோது கொரோனாக் காலம், விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. அவளால் போக முடியவில்லை. அதன் பிறகு தகப்பன் அவளோடு கதைப்பதில்லை. கோபம் என்றும் சொல்ல ஏலாது. அவள் அழைத்தால் போனைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாராம்.

"எங்கட வீட்டுப் படியில தனிய ஏற எனக்குப் பயமாயிருக்கு," என்றாள்.

என் அப்பாவின் செத்தவீட்டை நான் தொலைபேசியில்தான் கேட்டேன். சண்டையால் எங்கள் ஊருக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. ஆகவே அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டிலுள்ள எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மியாவோ? பூனையின்ர ஊருக்கே போறீர்?"

"கல்யாணத்துக்குப் போறன்."

ரிமோட்டைக் கீழே வைத்தார். "மலையெண்டால் குளிருமெல்லே. கம்பளிச் சட்டை இன்னும் ரெண்டு வையும்."

விமானம், ரயில், பிறகு ஒரு மினிபஸ். வளைந்து வளைந்து ஏறிய பாதையில் ஒரு கட்டத்துக்குப் பிறகு கீழே நிலமே இல்லை, வெள்ளையாக மேகம் மட்டும். அதற்குமேல் சரிவு முழுக்க மரவீடுகள், ஒன்றின் முற்றத்துக்குக் கீழே மற்றதின் கூரை. வீடுகளெல்லாம் மரக்கால்களில் நின்றன. காற்றடித்தால் அப்படியே இறங்கி நடந்து போய்விடும் போலிருந்தது.

ஊர் வாசலில் பெண்கள் வழியை மறித்துப் பாடிக்கொண்டு நின்றார்கள். தலையில் பிறை போல வெள்ளிக் கொம்புகள், கழுத்தில் அடுக்கடுக்காக வெள்ளி. சாமிக்குச் சாத்துப்படி செய்ததுபோல இருந்தார்கள். ஒருத்தி எருமைக் கொம்பில் அரிசி மதுவை நீட்டினாள். தருவதை இரண்டு கையாலும் வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். நான் கொம்பை இரண்டு கையாலும் பிடித்ததுதான் தாமதம், எல்லோரும் கத்திச் சிரித்தார்கள்.

"ஐயோ அக்கா! கையால தொடாமல் ஒரு வாய் குடிச்சால் காணும். தொட்டால் முழுக்கக் குடிக்கவேணும்!"

வாழ்நாளில் மதுவைத் தொட்டவளில்லை நான். ஆனாலும் குடித்தேன். இனிப்பாக, கஞ்சித்தண்ணீர் மணத்தோடு உள்ளே இறங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பின்னேரம் எனக்குத் தண்ணீருக்குள் இருந்து பார்த்ததுபோலத்தான் ஞாபகம். மூங்கில் குழல்கள் ஊதினார்கள். பெண்கள் நடக்க நடக்க வெள்ளி குலுங்கிய சத்தம் தூரத்து மழையாகக் கேட்டது. புளித்த மீன் சாறு தந்தார்கள், இரசத்துக்குள் மீனைப் போட்டதுபோல ஒரு ருசி. தகப்பன் வந்தார். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். எனக்குத் தலையை அசைத்தார். மகளைக் கடந்து போய் அடுப்புக்கு விறகு தள்ளினார். அவள் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மறுநாள் விடிய, வீடே நித்திரையாக இருக்க, நான் எழுந்து வெளியே நடந்தேன். அடுக்கு வயல்களில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வானம். வரம்பில் நடந்து நடந்து எவ்வளவு தூரம் போனேனோ, பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி முதலில் மலையை எடுத்தது, பிறகு வயலை, பிறகு என் கால்களையும் எடுத்துக்கொண்டது.

வரம்பிலேயே குந்தி இருந்துவிட்டேன். பயந்திருக்க வேண்டும். பயமே வரவில்லை. நான் எங்கே இருக்கிறேனென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது ஒரு சுகமாக இருந்தது. எங்கோ ஒரு குரல் நீளமாக இழுத்துக் கூப்பிட்டது. எந்தச் சொல்லால் பதில் சொல்வது? "இஞ்ச இருக்கிறன்!" என்று தமிழிலேயே கத்தினேன். பனி அதை விழுங்கிக்கொண்டது.

முதலில் மணிச்சத்தம் வந்தது. பிறகு இரண்டு கொம்புகள், எருமையின் முகம், அதன் பின்னால் அவளுடைய தகப்பன். என்னைக் கண்டு அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. ஏதோ சொன்னார். எருமையின் கயிற்று நுனியை என் கையில் தந்துவிட்டு முன்னால் நடந்தார்.

பாதி வழியில் நின்றார். பாதையோரம் புல் மூடிய ஒரு மண்மேடு, அதன்முன் ஒரு கிண்ணத்தில் புதுச்சோறு. காலையில் அவர் வெளிக்கிட்ட காரணம் அதுதான் போலும். யாருடைய சமாதியென்று எவரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். ஈரப்புல் குளிர்ந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேட்டைப் பார்த்து மெதுவாக, விருந்தாளியை அறிமுகம் செய்வதுபோல, இரண்டு வார்த்தை சொன்னார்.

வீட்டு முற்றத்தில் அவள் வெறுங்காலோடு நின்று "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடிவந்தாள். தகப்பன் நேரே அவள் முன் போய் நின்று கத்தத் தொடங்கினார். கல்யாண வேலைக்கு வந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். அவர் நிறுத்தவேயில்லை. என்னால்தானே இவ்வளவும் என்று எனக்கு உடம்பு கூசியது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது.

"வந்த ஆளைத் தனிய விட்டிட்டு உனக்கென்ன நித்திரையெண்டு கேக்கிறார் அக்கா. அம்மா இருந்திருந்தால் எனக்கு அடி விழுமாம்."

பிறகு அவளும் குரலை உயர்த்தினாள். அவள் பிறகு சொன்னபடி, இந்த வயதில் பனிக்குள் எதற்குப் போனீர்களென்று அவரை அவள் கேட்க, அவர் அதற்கும் கத்த, மாப்பிள்ளையான தம்பி பாதி உடுத்த கல்யாணச் சட்டையோடு படியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். எருமையின் கயிற்றை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நான் பிடித்தபடியே நின்றேன்.

அன்று தெரு நீளத்துக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சாப்பாடு. தகப்பன் மகளின் பக்கத்தில் இருந்தார். அவள் கிண்ணம் வெறுமையாகும்போதெல்லாம் மீனின் முள் இல்லாத பகுதியாகப் பார்த்து எடுத்துப் போட்டார். அவள் போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தாள். அவர் விரல்களை விலக்கிவிட்டுப் போட்டார்.

திரும்பும்போது மினிபஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். வளைவுகளில் தலை சரியாமல் நான் கையை அணைவாக வைத்துக்கொண்டேன். யன்னலுக்கு வெளியே மலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.