போர்வைக்குப் பின்னால் சூரியனை வைத்த எட்வின் சார்

எட்வின் சார் போய்விட்டார். காலையில் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி... யாரோ தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று அவர் நம்பருக்கே போன் போட்டேன்.

அவர் மனைவி ஸ்டெல்லாம்மா எடுத்தார். "ஆமா மூர்த்தி சார்... தூக்கத்துலயே" என்றார்.

மந்தைவெளியில் நாங்கள் ஒரே ஸ்கூலில் வேலை பார்த்தோம். அவர் பிசிக்ஸ், நான் கெமிஸ்ட்ரி. ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலி.

வார நாளில் பிளஸ் டூ பசங்களுக்கு பிக் பேங். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு சர்ச்சில், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆதியாகமம்.

"திங்கக்கிழமை காலையில எப்படி சார் கியர் மாத்துவீங்க?" என்று கேட்பேன். எனக்குச் சாமி கிடையாது. வாய் உண்டு.

"மாத்தறதே இல்ல மூர்த்தி, ஒரே கியர்தான்" என்பார். ஸ்கூட்டரையும் அப்படித்தான் ஓட்டுவார்.

பைபிளில் வெளிச்சம் முதல் நாளே வந்துவிடும். சூரியன் வருவது நாலாம் நாள். எனக்கு இது போதாதா... மெதுவடை வந்ததும் ஆரம்பிப்பேன்.

"சூரியன் முன்னாடியே இருந்துச்சுய்யா. பூமியைச் சுத்தி ஒரே மேகம். நாலாம் நாள் மேகம் விலகிச்சு. பூமியில நிக்கறவனுக்கு அப்பதான் தெரியும்."

"மனுஷன் வந்ததே ஆறாம் நாள்தானே சார்? நாலாம் நாள் பூமியில யார் நின்னா?"

அதற்கு அவர் என் வடையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்.

சர்ச்சில் அவருக்கு வேறு மாதிரி இடி. ஆதியாகமத்தோடு பிக் பேங்கையும் சொல்லி வாத்தியார் பிள்ளைகள் மனசைக் கெடுக்கிறார் என்று கமிட்டியில் புகார். "ஆண்டு விழாவுல நீங்க சொல்லித் தர்றதை எல்லாரும் பாக்கட்டும் எட்வின். கிளாஸ் யாருக்குன்னு அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவர் வடையைத் தொடவில்லை.

"பத்தாவது வந்ததும் பசங்க ரெண்டுல ஒண்ணைத் தூக்கிப் போட்டுடறாங்க மூர்த்தி. ரெண்டையும் கையில வெச்சுக்கலாம்டான்னு சொல்ல அங்க ஒரு ஆள் வேணாமா? அந்தக் கிளாஸ் போச்சுன்னா எனக்கு..." என்று நிறுத்திவிட்டார்.

அதே வாயால் ஏதாவது ஹெல்ப் வேண்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"லைட் மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றார். ஆக, சர்ச் ஹாலில் படைப்பு நாடகம்... ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சாமி இல்லாத நான்.

ஹால் முழுக்க அரையிருட்டு. மேடையில் ஜிகினா அடைத்த பெரிய கறுப்பு பலூன். அது வெடித்ததும் நான் லைட் போட வேண்டும். பிரபஞ்சம் தொடங்கிவிடும்.

குண்டூசியைக் காணோம். சார் பேண்ட் பாக்கெட், சட்டைப் பாக்கெட் எல்லாம் தடவுகிறார். பலூனைக் கிள்ளுகிறார். அது வழுக்குகிறது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்களின் இருமல்.

மைக் செட் போட்ட பாபுவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் யோசிச்சிக்கினு கீற? அதும்மேல குந்து சார்!"

குந்தினார்.

சத்தம் கேட்டதும் பதறிப்போய்த் தட்டினேன் பாருங்கள், அது லைட் ஸ்விட்ச் இல்லை, ஃபேன் ஸ்விட்ச். அடுத்ததைத் தட்டி வெளிச்சம் வருவதற்குள் ஜிகினா ஹால் முழுக்கப் பறந்து, பாஸ்டர் தலையில், கமிட்டி செக்ரட்டரி காபியில்... தரையில் உட்கார்ந்தபடியே சார் மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? விரிவடையுது!"

சூரியன் வேஷம் ஷெரின் என்கிற குட்டிப் பெண்ணுக்கு. தலையைச் சுற்றி மஞ்சள் அட்டை. முதல் காட்சியிலிருந்தே மேடையில் நிற்கிறாள், ஆனால் ஸ்டெல்லாம்மாவின் நீலப் போர்வைக்குப் பின்னால். போர்வைதான் மேகம். நாலாம் நாள் அதை விலக்குவார்கள். ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சொன்ன அதே பதில், அப்படியே மேடையில்.

நாடகத்தில் இரண்டாம் நாள். இரண்டு பையன்கள் வானத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். போர்வைக்கு மேலே ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

"அங்கிள், நான் எப்ப வரணும்?"

மைக் ஆனில் இருப்பதை மறந்து சார் சொன்னார். "நீ ஏற்கெனவே வந்தாச்சும்மா. அவங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவ்வளவுதான், ஹால் ரெண்டாகிவிட்டது. செக்ரட்டரிகூட ஜிகினா காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் எட்வின் சார். போர்வை ஓரத்தைப் பிடித்தபடி பாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இது வேதத்துலயும் இல்ல, உங்க சயின்ஸ்லயும் இல்ல எட்வின்... ஆனா இதை ஒரு பிள்ளையும் மறக்காது. கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். பலூன் மட்டும் வேணாம்."

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் வடை அவர் செலவு. எனக்கு மட்டும் இரண்டு.

ரிடையர் ஆன பிறகும் அந்தக் கிளாஸை அவர் விடவில்லை. போன ஞாயிறு வரைக்கும் எடுத்தார்.

மதியம் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐஸ் பாக்ஸுக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். சண்டே ஸ்கூல் சட்டை.

ஸ்டெல்லாம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த நீலப் போர்வையை இன்னும் வெச்சிருக்கேன் மூர்த்தி சார். எத்தனை தடவை துவைச்சும் ஜிகினா போக மாட்டேங்குது" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் இரண்டு பேராலும் முடியவில்லை.

அடக்கம் நாளை காலையில். தெரிந்தவர்கள் வாருங்கள்.

எட்வின் சார்... எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் இன்றைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் அந்தப் போர்வை எனக்கு வேண்டும்.

நீங்க இருக்கீங்க. எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்.