ஏழாம் பக்கத்து வரி

கணக்குப் பேராசிரியருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் பெயர் நாலு பேருக்குத் தெரிந்ததற்குக் காரணம், இளவயதில் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. பிறகு எழுதியதெல்லாம் அதன்மேல் எழுப்பிய மாடிகள்தான்.

முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம், "என் கட்டுரை ஒண்ணைப் படிச்சிட்டு வாங்க. புரியாததைக் கேளுங்க" என்பார். யாரும் கேட்டதில்லை. புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அந்த வருஷம் நேர்காணலுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். வயது நாற்பதை நெருங்கும். அந்த முதல் கட்டுரையையே கொண்டுவந்திருந்தார்.

"சார், ஏழாம் பக்கத்துல 'இது எளிதில் விளங்கும்'னு ஒரு வரி இருக்கு. ஒரு மாசமா முட்டிப் பாக்கறேன், எனக்கு விளங்கல."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே கரும்பலகைக்குப் போனார். இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரவில்லை. அழித்தார். தேர்வுக் குழுவில் இருந்த மற்ற இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அடிப்படையே தெரியாம வந்துட்டீங்களேம்மா" என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். "ரெண்டு பரிந்துரைக் கடிதம் வேணும். ஒண்ணுதானே இருக்கு?"

"எனக்குப் பாடம் எடுத்த இன்னொருத்தர் தவறிட்டார் சார். வேற யாருக்கும் என் கணக்கு தெரியாது."

"விதின்னா விதிதான். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இடம் கிடையாது."

டீச்சர் தாள்களை மடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு வீட்டில் பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"யாராவது உங்களைத் தப்புன்னு சொல்லிட்டாங்களா?" என்றாள் மனைவி. "முப்பது வருஷமா நான் சொல்றேன், அப்பல்லாம் நல்லாத்தானே சாப்பிட்டீங்க!"

அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் அந்த ஒரு வரியோடு உட்கார்ந்தார். அது எளிதில் விளங்கவில்லை, விளங்கவும் விளங்காது. வரியே தப்பு. தப்பு யாருக்கும் வரும், கடவுள் மன்னிப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், கேட்டவர் தலையிலேயே பழியைப் போட்டாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய் ஒரு கடிதத்தை நீட்டினார். "அந்த டீச்சரம்மாவோட ரெண்டாவது கடிதம்."

குமாஸ்தா விழித்தார். "ஐயா, கையெழுத்து உங்களுது! கடிதம் குடுத்தவங்க தேர்வுக் குழுவுல இருக்கக் கூடாதே?"

"விலகிட்டேன்னு எழுதிக்குங்க."

குமாஸ்தா படித்தார். 'என் கட்டுரையில் முப்பது ஆண்டுகளாக யாரும் காணாத பிழையை இவர் கண்டார். கேட்டதற்கு நான் இவரை அவமதித்தேன்.'

"இதை அப்படியே கோப்புல வைக்கவா ஐயா? எல்லாரும் படிப்பாங்களே..."

"படிக்கட்டும்."

டீச்சருக்கு இடம் கிடைத்தது, வேறொரு பேராசிரியரிடம். முதல் நாள் நடைவழியில் எதிரே வந்து வணக்கம் வைத்தார். பல நாளாகச் சேர்த்துவைத்த மன்னிப்பைப் பேராசிரியர் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"சார், எட்டாம் பக்கத்துலயும் ஒரு சந்தேகம்..."

"என் அறைக்கு வந்து உக்காருங்கம்மா, பாப்போம். எனக்கும் தெரியாம இருக்கலாம்."

சொல்லும்போது அவருக்குக் காது சுட்டது.