கடைசியாய் என்ன சொன்னவா?

நோயாளி பார்க்கிற வேலையில் படுக்கை மாற்றுவதும் புண் துடைப்பதும் ஒன்றுமில்லை. ஆள் போன பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிற அந்த ஒரு கேள்விதான் இடுப்பை முறிக்கும்.

வீட்டோடு நின்று வயதானவர்களைப் பார்க்கிற என் போன்ற பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். மூச்சு நிற்கும்போது பக்கத்தில் நிற்பது நாம். அப்பா கடைசியாய் என்ன சொன்னார், அம்மா ஆரைக் கேட்டா என்று அவர்கள் நம் வாயைத்தான் பார்த்திருப்பார்கள். முப்பத்தோராம் நாள் செத்தவரின் நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலும் அது வரவேண்டும். பதினான்கு வருஷமாக நான் கேட்டதைக் கேட்டபடியே சொல்லி வந்தேன். அதனால் எனக்கு ஒரு நல்ல பெயரும் கிடைக்கவில்லை.

மோட்டர்

இணுவிலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்லுகிற மனிதர். ஒரு காலை பத்து மணியிருக்கும், கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன். காதைச் சரித்துக் கேட்டுவிட்டு, "பிள்ளை, தண்ணித் தாங்கி வழியுது, ஓடிப்போய் மோட்டரை நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டிவிட்டு வந்தேன். ஆள் இல்லை.

மூத்த மகன் ரொறன்ரோவிலிருந்து கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கல்வெட்டு வந்தபோது பார்த்தால், வாத்தியார் மூன்று தரம் 'சிவசிவா' சொல்லிக் கண்மூடியதாகப் போட்டிருந்தது. இதென்ன தம்பி என்று கேட்டேன். "அப்பா அதைச் சொல்லித்தான் இருப்பார், அக்கா. நீங்கள் மோட்டர் நிப்பாட்டப் போன நேரம்."

ஜெபம்

உடுவிலில் ஒரு மிஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கலியாணம் செய்யாதவர். போதகர் ஐயா வந்து கட்டிலடியில் நின்று ஜெபித்தார். சபைக்காக, ஊருக்காக, நாட்டுக்காக, மழைக்காக என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கால் கடுத்தது. மிஸ் கண்ணைத் திறந்து, வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கதைக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, "ஐயா, விசயத்துக்கு வாங்கோ" என்றார். ஐயா ஆமென் சொல்வதற்குள் மிஸ் போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்கு முன்பு ஐயா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். மிஸ்ஸின் கடைசி வார்த்தையைச் சபையில் சொல்லப் போகிறேன் என்றார். அதைப்போய் எப்படி ஐயா சொல்லுவீர்கள் என்று கேட்டேன். "சொல்லத்தான் வேணும், மகள். முப்பது வருசமாச் சபை முழுக்க நினைச்சதை அவா ஒராள்தான் என்ரை முகத்துக்கு நேரே சொன்னவா."

சீனி

சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டக்காரர் வீடு. அம்மாவுக்குச் சலரோகம், சீனியைக் கண்ணிலும் காட்டக்கூடாது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் சொந்தபந்தம் எல்லாம் பால் பருக்க வந்துவிட்டது. அது எங்கள் பக்கத்து வழக்கம், போகிற உயிருக்கு ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் விடவேண்டும். முற்றம்வரை வரிசை நின்றது. ஐந்தாம் கரண்டியோ ஆறாம் கரண்டியோ, அம்மா கண்விழித்து, "சீனி போடாத பாலை ஆர் குடிக்கிறது?" என்றார். அழுதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் எழும்பி இருந்து கஞ்சி குடித்து, மேலும் நான்கு மாதம் இருந்தார்.

அந்த நான்கு மாதமும் ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. பால் பருக்கியாயிற்று, கடமை முடிந்தது. உண்மையாகப் போன அன்று நானும் அவரின் மகளும்தான் நின்றோம். "ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்டார், அவ்வளவுதான். கல்வெட்டு எழுதக் கொடுக்கும்போது மகள் என்னிடம் சொன்னார்: "சீனிக் கதையையே போடுவம், அக்கா. அப்பவெண்டாலும் எல்லாரும் நிண்டவை."

படலை

மல்லாகத்தில் ஒரு அம்மா. ஒரே மகன் சுவிசில். தகப்பனின் செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை, பெறாமகன் முறையான ஒரு சொந்தக்காரப் பொடியன்தான் கொள்ளி வைத்தான். விசா கிடைக்கவில்லை என்று மகன் சொன்னதைத் தாய் நம்பவில்லை. ஒன்பது வருஷமாக அவருடைய போனை எடுக்கவும் இல்லை. போகிற அன்று பின்னேரம் என் கையைப் பிடித்து, "அவன் வருவான். வந்தால் படலையோட நிப்பாட்டு, உள்ளுக்கு விடாதை" என்றார். பிறகு பேச்சில்லை. கேட்டது நான் மட்டும்.

மூன்றாம் நாள் மகன் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பறை அடிக்கிறது, ஐயர் பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளே பெட்டியில் அம்மா. கொள்ளி வைக்க வேண்டியவர் வாசல் படலையைத் தாண்டவில்லை. ஒருவரும் மறிக்கவில்லை, தானாகத்தான் நின்றார். மாமன் கூப்பிட்டும் அசையவில்லை. நான் போனேன். "அக்கா, அம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவாவோ?" என்று கேட்டார்.

நான் ஒரு சொல் கூட்டுகிறவளும் இல்லை, குறைக்கிறவளும் இல்லை. ஆனால் அன்று எனக்குச் சரியான களைப்பு. அந்த முகத்தைப் பார்க்கவும் ஏலவில்லை. "நீங்கள் வருவீங்கள் எண்டு சொன்னவா, தம்பி" என்றேன். அது பொய்யில்லை. மிச்சத்தை விழுங்கினேன், இன்னும் செமிக்கவில்லை. அவர் படலையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் உள்ளுக்கு வரலாமோ, அக்கா?"

ஓம், வாங்கோ என்று படலையை நானே திறந்து விட்டேன். சொல்லை மீறினதுக்குச் செத்தவர்கள் வந்து நியாயம் கேட்கப்போவதில்லை, உயிரோடு இருக்கிறவர்கள்தான் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.