டிசம்பரில் வரவேண்டிய பதில்

எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவள் நான். கிள்ளானில் ஒரு சேலைக்கடையில் வேலை. வருகிறவர்களிடம் நிறமும் விலையும் சொல்வதைத் தவிர அதிகம் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் போன வாரம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு கடையில் ஒரு டீ-சட்டையைப் பார்த்ததிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

மார்பில் பெரிய எழுத்தில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர். கையில் எடுத்ததும் அதே சாய வாடை. என் வீட்டுக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது, லோரி ஓட்டிய காலத்தில் வாங்கியது. எத்தனை முறை துவைத்தும் வாடை போகவில்லை. சிறுநீரகம் கெட்டு, பிரிக்பீல்ட்ஸில் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியபோதும் அதைத்தான் மாட்டிக்கொள்வார். கை தொளதொளவென்று இருப்பது ஊசி குத்த வசதியாம். அங்கிருந்த தாதியரை எல்லோரும் மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸிகள் இவரை ‘புரொபசர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளூர அவருக்குப் பெருமை.

மகள் தர்ஷினி அப்போது ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. கையில் ஒன்றுமில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் கொடுக்கிற கல்லூரிகள் அமெரிக்காவில் சில இருக்கின்றனவாம். முன்கூட்டியே விண்ணப்பித்தால் டிசம்பரிலேயே பதில் வந்துவிடும். மற்றவர்களுக்கு மார்ச் ஆகும். ஆனால் அப்படி ஒரே ஓர் இடத்துக்குத்தான் போட முடியும்.

ஏன் டிசம்பர் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவருக்குச் சட்டையில் இருந்த பல்கலைக்கழகம்தான் வேண்டும்.

“உலகமே அங்கதான்பா போடும். இந்தச் சின்ன காலேஜ்ல எனக்குக் கொஞ்சமாச்சும் சான்ஸ் இருக்கு.”

“பேரே கேள்விப்படல லா. மிஸ்ஸி கேட்டா என்னான்னு சொல்றது?”

“புரொபசர் மக படிக்கிற காலேஜுன்னு சொல்லுங்க.”

இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேர்த்துக்கொண்டால் வேறெங்கும் போகமாட்டேன் என்று அவளும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப இது நிச்சயம் பண்ற மாதிரி.”

“அதேதான்பா.”

“பையன் எப்படி? குடிப்பானா?”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்த காலையில் நாங்கள் மூவரும் டயாலிசிஸ் நிலையத்தில் இருந்தோம். அவர் படுத்திருந்தார், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தர்ஷினி கைப்பேசியைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். இடம் உண்டு என்றும் இல்லை, கிடையாது என்றும் இல்லை. மார்ச்சில் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்களாம். மார்ச் என்ற சொல்லை விழுங்கிவிடப் பார்த்தாள், முடியவில்லை.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்னு சொல்லிட்டாங்களா பாப்பா?” என்றார்.

பக்கத்துப் படுக்கை ஆன்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்தபடியே வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொண்டேன்.

தைப்பூசம் கழிந்த வாரத்தில் அவர் போய்விட்டார்.

மார்ச்சில் பதில் வந்தது. இடம் உண்டு, செலவு முழுவதும் அவர்களுடையது. சமையலறை வாசலில் நின்று, “மா, கெடச்சிருச்சு” என்றாள். அடுத்து யாரிடம் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போகவா வேண்டாமா என்று அவள் கேட்கவில்லை. போ என்று நானாகத்தான் சொன்னேன்.

அந்த நிலையம் இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மிஸ்ஸிகள் எங்கே போனார்களோ. வீட்டில் எதற்கும் வாக்குவாதம் வருவதில்லை.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் கடையில் தீபாவளிச் சரக்கு வந்திறங்கியது. மாலைவரை விலைச்சீட்டு ஒட்டினேன்.