மோதிரத்தில் இருந்த பச்சைக்கல்

1948-ல் அண்ணன் எகிப்திலிருந்து ஆவூருக்குத் திரும்பி வந்தபோது எனக்காகக் கொண்டு வந்தது ஒரு பச்சைக்கல். யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்டப் போனவன், யுத்தம் முடிந்த பிறகும் அங்கேயே டிரைவராக இருந்துவிட்டு வந்திருந்தான். "பாலைவனத்துல கெடந்துச்சு, எடுத்தேன்" என்றான். புதுக்கோட்டைப் பத்தர் ஒருவரிடம் கொடுத்து வெள்ளி மோதிரத்தில் பதித்து, அவனே என் விரலில் போட்டுவிட்டான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த வருஷம் அது. எட்டு ஒன்பது வருஷம் அதைக் கழற்றியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எகிப்துப் பாலைவன மலைகளில் பழங்காலத்தில் மரகதம் தோண்டிய சுரங்கங்களைப் பற்றி அதில் படத்தோடு எழுதியிருந்தார்கள். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஆசையாகக் காட்டினேன்.

"பாருண்ணே, நீ இருந்த தேசம். இந்தப் பொந்துக்குள்ள வயித்தால ஊர்ந்து போயி கல்லு எடுத்திருக்காங்க. அவங்க கூடை, கயிறுகூட அப்படியே கெடக்காம்."

சோற்றில் வைத்த அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"தெரியும். நான் உள்ள போயிருக்கேன்."

பழைய சுரங்கங்களை அளந்து படம் போட வந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு அவன்தான் வண்டி ஓட்டியிருக்கிறான். ஒரு பொந்து அவர்கள் உடம்புக்குக் கொள்ளவில்லை. ஒல்லியாக இருந்த இவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, டார்ச்சைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

"ரெண்டு திருப்பம். அதுக்கங்கிட்டு ஒரு ஆளு ஒருக்களிச்சுப் படுத்திருந்தான். கருவாடா காஞ்சு கெடந்தான். தலையில முடி இருந்துச்சு. காலு மேல பெரிய பாறை. கைய இறுக்கி மூடி நெஞ்சோட வச்சிருந்தான்."

அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். ஒண்ணு ஒடிஞ்சு போச்சு."

மோதிரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. விரல் தடித்திருந்தது. தேங்காயெண்ணெயைத் தடவி முறுக்கியதில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கழன்றதும் தரையில் எறிந்தேன்.

"இதையா எனக்குப் போட்ட? இத்தனை வருஷம் இதைப் போட்டுக்கிட்டுச் சோறு தின்னுருக்கேனே! அவங்ககிட்டயாவது சொன்னியா?"

"உள்ள ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க."

அளந்தவர்களின் படத்தில் அது ஆளில்லாத வெறும் பொந்து.

"விக்கலாம்னுதான் எடுத்தேன் தாயி. பத்தரு, உள்ள பூராக் கீறல், விலை போகாதுன்னுட்டாரு. அதான் ஒனக்குப் போட்டேன்" என்று சொல்லி அழுதான். நான் தேற்றவில்லை. நான்கைந்து நாள் அவனோடு பேசவும் இல்லை.

பிறகு நானே ஒரு காகிதத்தை நீட்டி, அந்த இடத்தை வரையச் சொன்னேன். லாரி நின்ற பள்ளம், இடிந்த கல்வீடுகள், பொந்து, இரண்டு திருப்பம் எல்லாவற்றையும் அவன் தயங்காமல் வரைந்தது எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. ஒருநாளும் மறக்காமலே எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி, படத்தையும் கல்லையும் சேர்த்து அந்நாட்டு மியூசியத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மோதிரம் எங்கே என்று கேட்ட அண்ணியிடம் கிணற்றில் விழுந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் ஆள் இறக்கி இரண்டு நாள் தேட வைத்தார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கல் பத்திரமாக வந்து சேர்ந்தது, எழுதியதற்கு நன்றி, அந்தப் பகுதியில் மலை சரிந்து பல சுரங்கங்கள் மூடிவிட்டன, இனி உள்ளே யாரும் போக முடியாது என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

பஸ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாசலில் நின்று படித்துச் சொன்னேன். காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி கேட்டான்.

"அப்ப அவரு உள்ளயேதான் இருப்பாரா?"

"இருப்பாரு."

"வெறுங்கையோட" என்றான். பஸ்ஸை எடுக்கப் போனான்.